மணற்சோறும் நிலக்கரியும்

மன்ற மலருக்குக் கட்டுரை வேண்டுமென்று மலர்க் குழு நண்பர் என் அறைக்கு வந்தபோது, "எனக்குக் கதையும் வராது, கவிதையும் வராது, நிலக்கரிதான் வரும்" என்று சொல்லி அனுப்பிவிடப் பார்த்தேன். அவர் விடுகிறவராக இல்லை. "அப்படியானால் நிலக்கரியைப் பற்றியே எழுதுமே! நம்மவர்களுக்கு அதுவும் தெரியட்டும்" என்றார். ஆகையால் இந்தப் பக்கங்கள் சற்றுக் கறுத்திருந்தால் அந்தப் பழி அவரையே சாரும்.

நான் இங்கே படித்துக்கொண்டிருப்பது ஒரு விநோதமான படிப்பு. துறைமுகங்களைக் கடற்கரையில் கட்டுவதற்கு முன்னால் கணிப்பொறிக்குள் கட்டிப் பார்ப்பது. ஆங்கிலத்தில் 'சிமுலேஷன்' என்பார்கள்; நான் 'பாவனை' என்று சொல்லிப் பழகிவிட்டேன். ஊரில் அம்மா, "நீ என்னதான் படிக்கிறாய்?" என்று கேட்டபோது விளக்கத் தெரியாமல் விழித்தேன். கடைசியில், "சின்ன வயதில் அக்கா சொப்பு வைத்து விளையாடுவாளே, மணலைச் சோறாக்கி, இலையைக் கறியாக்கி, நம்மையெல்லாம் பந்தியில் உட்கார வைப்பாளே, அதுதான்" என்றேன். அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. "அதற்கா இத்தனை தூரம் ரயிலேறிப் போனாய்?" என்று மட்டும் கேட்டாள்.

உண்மையில் இந்தக் கலையின் பிறப்பே ஒரு விளையாட்டில்தான். 1946-ஆம் ஆண்டில் ஸ்டானிஸ்லா உலாம் என்ற கணித அறிஞர், நோயிலிருந்து தேறி வந்த நாட்களில், பொழுதுபோக்காக ஒற்றையாள் சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்தார். ஆட்டம் வெற்றியாக முடிய எவ்வளவு வாய்ப்பு என்று கணக்கிட முயன்றார். கணக்கு கைக்கு அடங்கவில்லை. 'நூறு முறை ஆடிப் பார்த்து, வென்றவற்றை எண்ணிவிட்டால் போயிற்று!' என்று அவருக்குத் தோன்றிற்று. அவரும் ஜான் வான் நாய்மனும் அந்த யோசனையை அணுவியல் கணக்குகளுக்குக் கொண்டு சென்றனர். 'மாண்டி கார்லோ முறை' என்று அது பெயர் பெற்றது. 1961-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஜெஃப்ரி கார்டன், வரிசையில் நின்று காத்திருக்கும் எதையும் இவ்வாறு ஆராய்வதற்கென்றே ஒரு கணிப்பொறி மொழியை ஆக்கினார். இன்று துறைமுகம், விமான நிலையம், மருத்துவமனை எல்லாவற்றுக்கும் அந்த வழியில் வந்த முறைகள்தாம்.

காத்திருப்பதை ஆராய ஒரு முறையா என்று நீங்கள் கேட்கலாம். நம் விடுதிக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை நாற்காலி முடிதிருத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு முடி வெட்ட 20 நிமிஷம். மணிக்கு மூன்று பேருக்கு வெட்டலாம். சராசரியாக மணிக்கு இரண்டரைப் பேர்தான் வருகிறார்கள். கூட்டல் கணக்கின்படி யாரும் காத்திருக்கவே கூடாது. கடைக்காரருக்குக் கொஞ்சம் ஓய்வுகூட மிஞ்ச வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போய்ப் பாருங்கள்! காரணம் எளிது. வருகிறவர்கள் சராசரியைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஒரு மணி நேரம் ஒருவரும் வரமாட்டார். பிறகு நால்வர் சேர்ந்து வருவார்கள். சும்மா இருந்த நாற்காலியின் நேரத்தை எடுத்துவைத்து அந்த நால்வருக்குக் கொடுக்க முடியாது. போன நேரம் போனதுதான்.

இதற்கு ஒரு சூத்திரமும் உண்டு. வருகையும் வேலை நேரமும் முற்றிலும் தாறுமாறாக இருக்குமானால், ஒற்றை நாற்காலி பாதி நேரம் வேலையில் இருக்கும்போது, ஒருவர் காத்திருப்பது சராசரியாக ஒரு முடிவெட்டு நேரம். முக்கால் நேரம் வேலையில் இருந்தால் மூன்று முடிவெட்டு நேரம். நூற்றுக்குத் தொண்ணூறு நேரம் இருந்தால் ஒன்பது! நாற்காலி சும்மா இருக்கக் கூடாது என்று விரட்ட விரட்ட, வாசலில் கூட்டம் பெருகும். நாற்காலி இருக்கும் இடத்தில் கப்பல் நிற்கும் பெர்த்தை வைத்துக்கொள்ளுங்கள். முடி வளர்ந்த மாணவர் இருக்கும் இடத்தில் அறுபதாயிரம் டன் கரி சுமந்த கப்பலை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேறுபாடு: மாணவர் காத்திருந்தால் பழைய வாரப் பத்திரிகை படிப்பார். கப்பல் காத்திருந்தால் ஒவ்வொரு நாளும் 'டெமரேஜ்' என்ற தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும்.

ஆஸ்திரேலியாவின் நியூகாசில் உலகின் மிகப் பெரிய கரி ஏற்றுமதித் துறைமுகங்களுள் ஒன்று. 2007-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அதற்கு வெளியே ஐம்பதுக்கு மேற்பட்ட கப்பல்கள் நங்கூரமிட்டுக் காத்து நின்றன. 8-ஆம் தேதி பெரும் புயல் வீசிற்று. காத்து நின்றவற்றுள் ஒன்றான 'பாஷா பல்கர்' என்ற கப்பல் ஊர்க் கடற்கரை மணலிலேயே வந்து ஏறிக்கொண்டது. அதை மீட்க ஜூலைத் தொடக்கம் வரை ஆயிற்று. கப்பலைக் கரையேற்றியது புயல். அத்தனை கப்பல்களை அங்கே நிறுத்தி வைத்தது வரிசை. சுரங்கம், ரயில், துறைமுகம் மூன்றும் தனித்தனியே தம் கணக்கைப் பார்த்தால் போதாது என்ற எண்ணம் அங்கே வலுத்தது. 2009-இல் முழுச் சங்கிலியையும் ஒன்றாகத் திட்டமிட ஒரு பொது அமைப்பை ஏற்படுத்தினார்கள். பாவனைதான் அவர்களுடைய கருவிகளுள் ஒன்று.

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். விடுமுறைக்குச் செல்லும்போது ஒடிசா வழியில் கரி ஏற்றிய கூரையில்லாத வாகன்கள் நீளமாக நிற்பதை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். தால்சேர்ச் சுரங்கங்களில் வெட்டிய கரி ரயிலில் பாரதீப் துறைமுகம் சேருகிறது. அங்கே கப்பலேறி, எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் இறங்கி, அனல்மின் நிலையங்களுக்குச் செல்கிறது. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் திறக்கப்பட்டதே முதன்மையாக மின்வாரியத்தின் கரிக்காகத்தான். 2014-இல் அதற்குக் காமராசர் பெயர் சூட்டப்பட்டது. நாம் இங்கே படிக்க வருகிறோம். இந்தப் பக்கத்துக் கரி நம் வீட்டில் விளக்கெரிக்கப் போகிறது. பண்டமாற்றில் நாம் தோற்கவில்லை.

என் ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது இத்தகைய ஓர் இறக்குமதித் துறை. உண்மையான துறைமுகம் ஒன்றுமன்று. தென்கரையில் நானே கற்பனையாகக் கட்டியது. ஒரு பெர்த். ஆண்டுக்கு 150 கப்பல். கப்பலுக்கு 60,000 டன். ஆக 90 லட்சம் டன். கப்பலிலிருந்து கரியை அள்ளும் கிராப் மணிக்கு 1,500 டன் வீதம் வேலை செய்தால் 40 மணி நேரம். கட்டவும் அவிழ்க்கவும் இதர வேலைகளுக்கும் 8 மணி. மொத்தம் இரண்டு நாள். அள்ளிய கரி பெல்ட் வழியாகக் கரிக்களத்துக்குப் போகும். அங்கிருந்து மின் நிலையத்துக்கு. இவ்வளவுதான் என் சொப்புச் சாமான்.

கணிப்பொறிக்குள் இருக்கும் கடிகாரம் நம்முடையதைப்போல நொடி நொடியாக ஓடாது. ஒரு நிகழ்ச்சியிலிருந்து அடுத்த நிகழ்ச்சிக்குத் தாவும். கப்பல் வந்தது, பெர்த்தில் ஆள் உண்டு, நில், முன் கப்பல் போயிற்று, உள்ளே வா, கிராப் இறங்கிற்று, களம் நிறைந்தது. அடுத்த கப்பல் எப்போது வரும் என்பதற்குக் கணிப்பொறி ஒவ்வொரு முறையும் சீட்டுக் குலுக்கிப் பார்க்கும். ஓர் ஆண்டு சில விநாடியில் முடியும். ஒரே ஆண்டை நம்பக் கூடாது என்பதால், வேறு வேறு குலுக்கலோடு முப்பது ஆண்டுகளை ஓட்டி எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவு சொல்வோம்.

கூட்டல் கணக்கில் காத்திருப்பே இல்லாத என் துறையில், பாவனை ஓடியதும் கப்பல்கள் சராசரியாக ஐந்து நாள் காத்து நின்றன. கிராப்பின் வேகத்தை 2,000 டன்னாக உயர்த்தினேன். ஐந்து நாள் இரண்டு நாளுக்கும் கீழே இறங்கிற்று! பெருமிதம் தாங்கவில்லை. அதோடு நில்லாமல் இன்னொன்றும் எழுதினேன்: கப்பல்கள் இவ்வளவு ஒழுங்காக இறங்குவதால் மின் நிலையத்துக்கு இருபது நாள் கரியைக் களத்தில் குவித்து வைக்க வேண்டியதில்லை, பத்து நாள் கரி போதும், களத்தில் பாதி நிலம் மிச்சம், புழுதியும் பாதி. வண்ணப் படங்களோடு ஏப்ரல் மாதத்தில் ஆய்வுக் குழுவின் முன் வைத்தேன். பேராசிரியர் பாராட்டினார். அந்த மகிழ்ச்சியோடு தூத்துக்குடிக்கு ரயிலேறினேன்.

என் தாய்மாமா துறைமுகத்தில் கரிப் பிரிவில் முப்பது ஆண்டு மேற்பார்வை வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரிடம் காட்டாமல் யாரிடம் காட்டுவது? மடிக்கணிப்பொறியைத் திண்ணையில் வைத்து ஓடவிட்டேன். சிறு சிறு கட்டங்களாகக் கப்பல்கள் வந்தன, நின்றன, போயின. மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு மருமவனே. பெல்ட் நிக்கவே நிக்காதோ?"

"நிக்கும் மாமா. நூறு மணி நேரத்துக்குப் பத்து மணி நிக்கும்னு வச்சு, வேகத்தைக் குறைச்சிருக்கேன்."

"அந்தப் பத்து மணி எப்ப எப்ப வரும்?"

"எப்பவும் சமமா வரும்."

மாமா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குக் கோபம் வந்து தப்பித்திருப்பேன். "கரி நனைஞ்சு வந்தா என்ன செய்வே?" என்றார்.

"ஐப்பசி கார்த்திகையிலதானே மாமா நமக்கு மழை? வேணும்னா அதைத் தனியாச் சேத்துக்கலாம்."

"ஐப்பசி மழையை நான் கேக்கல. ஆடி ஆவணியச் சொல்லுதேன். இங்க காத்தும் புழுதியுமாக் கிடக்கும். கப்பல் மூடியத் தொறந்தா உள்ள கரி சேறா இருக்கும். அங்க ஒடிசாவுல மழைல்லா?"

நான் வாயடைத்துப்போனேன். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் அந்த நிரலை நான் எழுதியது இந்த விடுதி ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான். வெளியே இரவும் பகலும் கொட்டிக்கொண்டிருந்தது. துணி காயவில்லை என்று நாம் எல்லாரும் புலம்பினோம். அதே மழை ஒடிசாவிலும் கூரையில்லாத வாகன்களின் மேல் பெய்துகொண்டிருந்தது. அந்தக் கரிதான் என் கற்பனைத் துறைக்கு வர வேண்டியது. மழையில் உட்கார்ந்துகொண்டு உலர்ந்த கரியை இறக்கியிருக்கிறேன்!

ஈரக் கரி பெல்ட்டில் ஒட்டும். ஒரு பெல்ட்டிலிருந்து அடுத்த பெல்ட்டுக்குக் கரி விழும் 'ஷூட்' என்ற தகரக் குழலில் அப்பிக்கொள்ளும். குழல் அடைத்துவிட்டால் பெல்ட்டை நிறுத்தி, ஆள் இறங்கிக் கம்பியால் குத்தித் தள்ள வேண்டும். மேலே கிராப் மணிக்கு இரண்டாயிரம் டன் அள்ளுமா நாலாயிரம் அள்ளுமா என்பதெல்லாம் அப்போது வெறும் பேச்சு.

மாமா உள்ளே போய் இரும்புப் பெட்டியிலிருந்து சிறிய டயரிகள் சிலவற்றை எடுத்து வந்தார். யாரும் கேட்காமலே தமக்காக எழுதி வைத்தவை. 'கரி ஈரம். ஷூட் அடைப்பு, 3 மணி.' 'பெல்ட் கிழிசல். இரவு முழுதும்.' 'புயல் கூண்டு ஏற்றம். கப்பல் வெளியே.' 'ஒரே நாளில் 4 கப்பல் வரவு.' விடுமுறையின் மிச்ச நாட்களில் ஐந்து ஆண்டு டயரிகளைப் படித்து எண்களாக எழுதினேன். எழுத்து புரியாத இடத்தில் மாமா வாசித்துச் சொல்வார். சில குறிப்புகளுக்கு நேரம் இராது. 'ரொம்ப நேரம்' என்று மட்டும் இருக்கும். "எவ்வளவு மாமா?" என்றால், "சாப்பாடு ஆறிப்போச்சு, அவ்வளவு" என்பார். நான் நாலு மணி என்று எழுதிக்கொண்டேன்.

எல்லாவற்றையும் கூட்டியபோது எனக்குக் கிடைத்தது பெரிய வியப்பு. நூறு மணிக்குப் பதினொரு மணி நின்றிருக்கிறது. என்னுடைய பத்து ஏறக்குறையச் சரிதான்! தவறு எண்ணில் இல்லை. அந்தப் பதினொன்றில் பெரும்பகுதி மூன்றே மாதத்தில், கொத்துக் கொத்தாக வந்திருந்தது. நான் அதை ஆண்டு முழுவதும் தோசை மாவுபோல மெல்லியதாகத் தேய்த்துவிட்டிருந்தேன். மாதம் பத்துப் பத்து ரூபாய் கடன் வருவதற்கும், ஒரே நாளில் நூற்றிருபது ரூபாய்க்கு ஆள் வாசலில் வந்து நிற்பதற்கும் கூட்டுத்தொகை ஒன்றுதான். வீட்டு நிலைமை ஒன்றாகவா இருக்கும்?

புதிய எண்களோடு மீண்டும் முப்பது ஆண்டுகளை ஓட்டினேன். ஆண்டுச் சராசரி அவ்வளவு மோசமில்லை. வேகமான கிராப் மற்ற மாதங்களில் நன்றாகவே உதவிற்று. ஆனால் ஜூலை முதல் செப்டம்பர் வரை கப்பல்கள் ஆறேழு நாள் காத்து நின்றன. நான் 'பத்து நாள் கரி போதும்' என்று எழுதிய களமோ, முப்பது ஆண்டுகளில் ஏழு ஆண்டுகளில் ஒரு சமயம் முற்றிலும் காலியாயிற்று. களம் காலி என்றால் மின் நிலையம் நின்றது என்று பொருள். திரையில் அது பூஜ்யத்தைத் தொடும் ஒரு கோடுதான். ஊரில் அது பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் விளக்கு.

திரும்பி வரும் ரயிலில் எனக்குள் ஒரு வழக்கு நடந்தது. துறைமுகமே கற்பனை, களமும் கற்பனை, யாருக்கு நஷ்டம்? அறிக்கை கொடுத்தாயிற்று, பாராட்டும் வாங்கியாயிற்று. ஒருவரும் ஆடி மழையைக் கேட்கவில்லை. இனிக் கேட்பாருமில்லை. ஆனால் ஒரு ரயில் நிலையத்தில் வண்டி நின்றபோது பக்கத்துத் தண்டவாளத்தில் கரி வாகன்கள் நின்றன. பருவமழை தொடங்கிவிட்டது, வாகனின் கீழ்ப்பக்கத்திலிருந்து கறுப்பு நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு என் வாதம் எடுபடவில்லை. நாளை இந்தப் படிப்பைச் சொல்லித்தானே எனக்கு ஒருவர் வேலை கொடுப்பார்? அப்போது களம் கற்பனையாக இராது.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "குழுவின் முன் மறுபடியும் பேசு. தவறான படத்தை முதலில் காட்டு" என்றார். அப்படியே செய்தேன். "இந்த விவரங்கள் எங்கே கிடைத்தன?" என்று குழுவில் ஒருவர் கேட்டார். "என் மாமாவின் டயரியில்" என்றேன். அறையில் சிரிப்பு எழுந்தது. கேட்டவர் சிரிக்கவில்லை, பக்கங்களின் படியைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். ஐந்து ஆண்டு போதாது என்றும், ஒரு துறையின் டயரி எல்லாத் துறைக்கும் பொருந்தாது என்றும் சொன்னார். இரண்டும் நியாயமானவை. பதினாறு நாள் கரி வைத்தால் முப்பதில் ஒரே ஓர் ஆண்டில் களம் காலியாகிறது, இருபது நாள் வைத்தால் ஒருமுறையும் ஆகவில்லை என்று காட்டி, பழைய பரிந்துரையைத் திரும்பப் பெற்றேன். நான் மிச்சம் பிடித்த நிலமெல்லாம் பத்து நிமிஷத்தில் போய்விட்டது.

அன்றிரவு மாமாவுக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். டயரியைக் கல்லூரியில் பார்த்தார்கள் என்றதில் அவருக்கு மகிழ்ச்சி, காட்டிக்கொள்ளவில்லை. "சரி மருமவனே, இந்த வருசம் கரி எவ்வளவு ஈரமா வரும்னு உன் பெட்டி சொல்லுமா?" என்று கேட்டார்.

"அது சொல்லாது மாமா. ஈரமா வந்தா என்ன ஆகும்னு சொல்லும்."

"அதுவும் நாம ஈரத்தச் சொன்னாத்தானே?" என்றார்.

அவ்வளவுதான் என் படிப்பின் சாரம். மணற்சோற்றைச் சோறு என்று நினைத்துக்கொள்வதில் குற்றமில்லை. அப்படி நினைத்துத்தான் பல தவறுகளைச் செலவில்லாமல் செய்து பார்க்கிறோம். உண்மைச் சோறு வடித்தவர் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டாமல் பந்தி போட்டுவிடக் கூடாது.

நண்பர்களே, நம்மில் பலர் இனி எதையெதையோ கணிப்பொறிக்குள் கட்டிப் பார்க்கப் போகிறவர்கள்: பாலமோ, வங்கியோ, வயலோ. உங்கள் ஊரிலும் ஒரு திண்ணையில் ஒரு மாமா இருப்பார். அடுத்த விடுமுறையில் அவர் முன்னால் அதை ஒருமுறை ஓட்டிக் காட்டுங்கள். போகும் வழியில் ரயில் ஜன்னலையும் கொஞ்சம் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.